அல்ஜஸரீயின் வரைபடங்கள்

ராசிங்காபுரத்தின் மலையடிவாரத் தோட்டங்களில் கமலை கட்டித் தண்ணீர் இறைத்த காலத்தை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மாடுகள் சரிவில் இறங்கினால் சால் நிறைந்து மேலே வரும். அவை பின்னோக்கி ஏறினால் வெறுஞ்சால் கிணற்றுக்குள் இறங்கும். மாடுகள் நடக்கும் நடையில் பாதி, தண்ணீர் தராத நடை. இந்தக் குறையைத் தீர்க்கும் கருவியொன்றைத் தாளில் வரைந்து வைத்துச் சென்ற ஒருவரைப் பற்றியே இங்கே சொல்ல விரும்புகிறேன்.

அவர் பெயர் இஸ்மாயீல் இப்னு ரஸ்ஸாஸ் அல்ஜஸரீ. இன்று துருக்கியில் தியார்பகிர் என வழங்கும் ஆமித் நகரில், அர்துகிய மன்னர்களிடம் பணிபுரிந்தவர். மன்னர் நாஸிருத்தீன் மஹ்மூதின் விருப்பப்படி, தாம் செய்த கருவிகளைப் பற்றி ஒரு நூல் எழுதி, கி.பி. 1206இல் (ஹிஜ்ரி 602) முடித்தார். அதில் 50 கருவிகள் விவரிக்கப்பட்டுள்ளன. நீர்க்கடிகாரங்களும் விருந்துக் கூடத்து விந்தைப் பாத்திரங்களுமே அவற்றுள் பெரும் புகழ் பெற்றவை. ஆனால் நம் உழவர் கண்ணுக்கு உகந்தது நீரேற்றும் ஐந்தாவது பொறிதான்.

ஆற்று நீர் ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அது பற்சக்கரமொன்றைத் திருப்ப, அதன் முகத்தில் விளிம்போரமாக அடித்த ஆணி வட்டமிடுகிறது. அந்த ஆணி ஒரு தண்டிலுள்ள நீண்ட துளைக்குள் புகுந்திருக்கிறது. தண்டின் ஒரு முனை அசையாமல் பொருத்தப்பட்டிருப்பதால், ஆணி சுற்றச் சுற்றத் தண்டு இடமும் வலமுமாக ஆடுகிறது. அதன் இருபுறமும் எதிரெதிரே இரண்டு செம்புச் சிலிண்டர்கள். ஒரு பிஸ்டன் உறிஞ்சும்போது மற்றது தள்ளுகிறது. வெற்று நடைக்கு இங்கே இடமேயில்லை! பிஸ்டனின் செம்புத் தட்டுகளுக்கு இடையே சணல் நார் சுற்றி நீர்க்கசிவை அடைத்திருக்கிறார். உறிஞ்சுகுழாய் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று இது என்பர்.

பொறியைவிட, அதை அன்னார் எழுதிய முறையே என்னை வியக்க வைக்கிறது. ஒவ்வோர் உறுப்பையும் எழுத்தால் குறித்து, அதை எவ்வாறு செய்வது, பிறகு எதனோடு எப்படிப் பொருத்துவது என்று வரிசையாகச் சொல்கிறார். செய்து பாராத எந்தத் திட்டத்தையும் அவர் நம்பவில்லை. தாளில் மாதிரி வெட்டிப் பார்த்த பின்னரே சில உறுப்புகளைச் செய்தார். படங்கள் அளவுக்கு ஏற்ப வரையப்பட்டவை அல்ல என்பது உண்மையே. ஆயினும் டொனால்ட் ஹில் என்னும் ஆங்கிலேயர் 1974இல் அந்நூலை மொழிபெயர்த்தார். 1976இல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் அவருடைய நீர்க்கடிகாரம் ஒன்று மீண்டும் செய்யப்பட்டு ஓடியது. இடையில் கழிந்தவை 770 ஆண்டுகள்!

உறுப்புகளைத் தனித்தனியே வரைந்து கோக்கும் இவ்வேலை இப்போது கணினிக்கு வந்துவிட்டது. 1963இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லாந்து, திரையில் ஒளிப்பேனாவால் வரையும் 'ஸ்கெட்ச்பேட்' என்னும் நிரலைச் செய்து காட்டினார். இக்கோடு அக்கோட்டுக்கு இணையாக இருக்கட்டும் என்று கட்டளையிட்டால் படம் தானே அதற்கேற்பத் திருந்தியது. இன்று பொறியியல் மாணவர் எவரும் திரையிலேயே பொறியைப் பூட்டிச் சுழற்றிப் பார்க்கிறார்கள்.

பொறியியல் பயிலும் என் தம்பி மகனிடம் அந்த ஐந்தாம் பொறியைக் கொடுத்தேன். இரண்டு இரவு உட்கார்ந்து வரைந்தான். முதல் முறை சக்கரம் பாதிச் சுற்றில் நின்றுவிட்டது. ஆணி சுற்றும் வட்டத்தின் விட்டத்தைவிடத் தண்டின் துளை நீளம் குறைவு என்று கண்டுபிடித்துத் திருத்தினான், பிறகு ஓடியது.

"பெரியத்தா, நம்ம ஊருக் கமலையையும் வரையவா?" என்று கேட்டான். உருளை ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது. அதை இறக்கி அளந்துகொண்டான். தூண்களின் உயரம், வடத்தின் நீளம், மாடுகள் இறங்கிய சரிவு இவற்றின் கணக்கெல்லாம் அந்நாளில் கமலை கட்டிய தச்சரின் கைக்குள் இருந்தது. தச்சர் காலமாகிவிட்டார், கிணற்றடியிலும் கமலைக் கற்களைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். உருளையோடு படம் நின்றிருக்கிறது.