"பாட்டி" என்று அழைக்கப்பட்ட சிறுமி



மனித உரிமைப் பிரகடனம், 1948 டிசம்பர் 10. இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு உங்களை மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். அதை உருவாக்கிய குழுவின் தலைவர் எலினோர் ரூஸ்வெல்ட். அன்று பாடத்தில் சொல்லாமல் விட்டதை இன்று சொல்கிறேன்.

அவர் 1884இல் நியூயார்க்கில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். தாயார் ஊரறிந்த அழகி. மகளுக்கு அந்த அழகு வரவில்லை. விருந்தினர் முன்பே தாயார் அவளைப் "பாட்டி" என்று கூப்பிடுவார். குழந்தை வெட்கத்தில் குறுகிப்போகும். பத்து வயது நிறைவதற்குள் தாய், தந்தை இருவரையும் இழந்தாள்.

1899இல் லண்டன் அருகே ஆலன்ஸ்வுட் பள்ளியில் சேர்த்தார்கள். தலைமையாசிரியை மேரி சூவெஸ்தர் அவளது அறிவைக் கண்டுகொண்டார். சாப்பாட்டு மேசையில் தன் எதிரே உட்காரவைத்தார். விடுமுறையில் வெளிநாடுகளுக்கு அழைத்துப்போனார். தனக்குப் பொருத்தமாக ஒரு நல்ல உடை தைத்துக்கொள்ளச் சொன்னார். ஹாக்கி அணியிலும் இடம் கிடைத்தது. மூன்று ஆண்டுகளில் நிமிர்ந்து நடக்கும் பெண்ணாக ஊர் திரும்பினாள்.

தூரத்து உறவினர் பிராங்க்ளின் அவளை விரும்பி மணம் பேசியபோது அவளுக்கு 19 வயது. 1905இல் திருமணம். 1918இல் கணவரின் பெட்டியில் வேறொரு பெண்ணின் காதல் கடிதங்கள் கிடைத்தன. பழைய காயம் எப்படி வலித்திருக்கும்! ஆனாலும் அவர் முடங்கிவிடவில்லை. 1927 முதல் நியூயார்க்கில் ஒரு பெண்கள் பள்ளியில் வரலாறு கற்பித்தார். தன் மதிப்பைக் கணவரின் கண்ணில் தேடாமல் தன் வேலையில் கண்டுகொண்டார். அந்த ஆசிரியையின் படத்தைக் கடைசிவரை தன் மேசையில் வைத்திருந்தார்.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஆண்டு விழா நடன ஒத்திகையில் ஒரு பெண்ணிடம், "நீ பின்னால போம்மா, மேடை தாங்காது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் வயிற்றுவலி என்று சொல்லி அவள் வரவில்லை. அது வயிற்றுவலி இல்லை என்று எனக்கு அன்றே தெரியும்.

நான் சூவெஸ்தராக இருந்திருக்க வேண்டிய இடத்தில் அந்தத் தாயாராக இருந்துவிட்டேன். இதைப் படிக்கிறாயா அம்மா? என்னை மன்னித்துவிடு.

மற்றவர்களுக்கு ஒன்று: உங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு உடம்பையோ நிறத்தையோ வைத்துப் பட்டப்பெயர் சூட்டாதீர்கள். நமக்கு அது ஒரு நிமிடச் சிரிப்பு. அவர்களுக்கு அப்படியில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்