பருத்திச் சாயமும் நரம்பும்

செனகல் நதிக்கரையில் மூர்கள் வேலம்பிசினைக் கொடுத்து வாங்கிக்கொண்டது எங்கள் ஊர் நீலத்துணியை. பிரெஞ்சுக்காரர்கள் அதைக் ‘கினே’ என்றார்கள். அவுரி நீலத்தைச் சாலில் கரைத்து, சுண்ணாம்பும் வேகவைத்த தகரை விதையும் சேர்த்துப் புளிக்கவிட வேண்டும். முக்கி எடுக்கும்போது துணி மஞ்சள்பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் நீலம் ஏறும். எங்கள் வீட்டில் சாயத்தொழில் பார்த்த கடைசி ஆள் என் பூட்டன். முழங்கை வரை நீலத்தோடுதான் சோற்றில் கை வைப்பாராம். ஆயா சொல்லிக் கேட்டது.

ஐரோப்பிய ஆலைகளின் போலிக் கினே ஒரு பக்கம் நெருக்கியது. மறுபக்கம், 1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்கு விட்டது. அவுரி விவசாயம் அதன்பிறகு சரிந்தது.

நான் மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் நடத்திப் பிழைத்தவன். அந்த நிறுவனத்தின் பெயர் அங்கேயும் எதிரில் வந்தது. 1876இல் ஹைன்ரிக் காரோ அந்த நிறுவனத்தில் மெதிலீன் நீலத்தைத் தயாரித்தார். பருத்திக்குப் போடுகிற சாயம்தான். பத்தாண்டுக்குள் பால் எர்லிக் அதை உயிருள்ள பிராணிகளின் உடம்பில் செலுத்திப் பார்க்க, நரம்பிழைகள் நீலமாகத் துலங்கின. பாடப்புத்தகங்கள் எர்லிக்குக்கு ஒரு வரி ஒதுக்குகின்றன. பருத்தியைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

அந்த நீலத்தில் தெரிந்தது நரம்பின் உருவம் மட்டும். நரம்பில் செய்தி ஓடும்போது செல்லின் உள்பக்க மின்னழுத்தம் சுமார் 100 மில்லிவோல்ட் ஏறி இறங்குகிறது. ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும். கண்ணாடி மின்முனையால் ஒரு செல்லைக் குத்தி அளக்கலாம். பத்துச் செல் சேர்ந்து பேசினால் எத்தனை ஊசி குத்துவது?

1968இல் அமெரிக்காவில் தசாகியும் கூட்டாளிகளும் ஒளிரும் சாயம் ஏற்றிய நரம்பில் செய்தி கடக்கும்போது ஒளி மாறுவதைக் காட்டினார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் கோஹன் குழு நூற்றுக்கணக்கான சாயங்களைச் சலித்தது. 1973இல் மெரோசயனின் 540 கை கொடுத்தது. கணவாயின் பெரிய நரம்பிழையிலும் அட்டையின் நரம்புச் செல்களிலும் துடிப்பு ஒளியாகவே பதிவானது. புகைப்படச் சுருளுக்கு ஒளியுணர்வு கூட்டப் பயன்பட்ட சாயக் குடும்பம் அது. இந்தச் சாயமும் ஏதோ ஒரு வியாபாரத்துக்காகப் பிறந்ததே.

வேலை செய்யும் விதம் எளிது. சாயம் செல்லின் சவ்வுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. சவ்வின் தடிமன் ஐந்து நானோமீட்டர் அளவுதான். அதனால் சின்ன மின்னழுத்தம்கூட அங்கே பலத்த மின்புலமாகி மூலக்கூறின் ஒளிர்வை அசைக்கிறது. துணிக்கடையில் ‘சாயம் போகாது’ என்றால்தான் மதிப்பு. இங்கே கணத்துக்குக் கணம் தடுமாறுகிற சாயத்துக்குத்தான் மவுசு. பூட்டன் இதைச் சாயம் என்றே ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்.

தொல்லைகளும் இருந்தன. முதலில் கிடைத்த மாற்றம் மொத்த ஒளியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. வெளிச்சம் கூடினால் சாயமே செல்லுக்கு நஞ்சாகும். 1980களில் லெஸ்லி லோவ் உருவாக்கிய டை-4-அனெப்ஸ் இந்தக் காரியத்துக்கென்றே வடிவமைத்த சாயம். இதயத்தில் மின் அலை எந்தப் பாதையில் பரவுகிறது, எங்கே சுழன்று சிக்குகிறது என்று ஆய்வுக்கூடங்களில் படம் பிடிக்க இன்றும் அதை எடுக்கிறார்கள்.