பூட்டிய கதவுக்குள் ஒரு விதி: அமெரிக்க நீச்சல்குளங்களும் ஆடையில்லா உடலும்

அமெரிக்கர்கள் பொதுவிடத்தில் உடலை எப்படிப் பார்த்தார்கள் என்று எழுதுவோர் இன்று பெரும்பாலும் ஜெஃப் வில்ட்சியின் வழியிலேயே போகிறார்கள். 2007-இல் வந்த அவருடைய ‘கன்டெஸ்டட் வாட்டர்ஸ்’ நகராட்சி நீச்சல்குளங்களின் சமூக வரலாறு. அந்நூலில் இரண்டு வாதங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஆணும் பெண்ணும் தனித்தனியே குளித்த வடமாநிலக் குளங்கள் 1920, 30-களில் இருபாலருக்கும் ஒருசேரத் திறந்துவிடப்பட்டன. வெள்ளைப் பெண்கள் இறங்கும் நீரில் கறுப்பின ஆண்கள் இறங்கக் கூடாது என்ற எண்ணத்தால் கறுப்பினத்தவர் அப்போதுதான் வெளியே தள்ளப்பட்டார்கள் என்பது முதல் வாதம். இதை அவர் ஆவணங்களைக் கொண்டு உறுதியாக நிறுவியிருக்கிறார். எனக்கு இதில் மறுப்பில்லை. அதே ஆண்டுகளில் நீச்சலுடை சுருங்கியது, உடலை மறைப்பதைவிட அழகாகக் காட்டுவதே கண்ணியம் என்றானது, பொதுவாழ்வில் பாலுணர்வின் சாயல் படிந்தது என்பது இரண்டாவது. இந்த இரண்டாவது வாதம் பாதி வரலாற்றைத்தான் சொல்கிறது.

ஏனெனில் அதே ஆண்டுகளில், அதே நகரங்களில், கூரைக்கு அடியில் இருந்த குளங்களில் ஆண்கள் ஒரு நூலிழைகூட இல்லாமல் நீந்திக்கொண்டிருந்தார்கள். அதுவும் மீறலாக அல்ல, விதிப்படி. ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் நீச்சல்குளம் 1885-இல் புரூக்ளினில் திறக்கப்பட்டது. அந்த அமைப்பின் குளங்களில் ஆண்கள் ஆடையின்றி நீந்துவது வழக்கமாக வேரூன்றியது. பின்னர் அது பள்ளி, கல்லூரிக் குளங்களுக்கும் பரவியது. அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கம் 1926-இல் குளங்களுக்கான நெறிமுறைகளை வகுத்தபோது, ஆண்கள் மட்டும் பயன்படுத்தும் உட்புறக் குளங்களில் நிர்வாணமாகவே நீந்தச் செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1962 வரை இப்பரிந்துரை நீடித்தது. வெளிக்குளங்களில் உடல் பாலுணர்வின் காட்சிப்பொருளாகிவிட்டது என்றால், உட்குளங்களில் ஆடையே வேண்டாம் என்ற விதி அதற்குப் பிறகும் முப்பது ஆண்டுகள் எப்படித் தாக்குப்பிடித்தது? வில்ட்சியின் கண் நகராட்சிக் குளங்களின் மீது இருந்ததால் இந்தக் கேள்வி அவருக்கு எழவில்லை. அவரைப் பின்பற்றி ஒரு நாட்டின் மனநிலையையே எழுத முனைவோருக்கு அது எழுந்தாக வேண்டும்.

இதற்குப் பலரும் தரும் பதில் கம்பளி. அக்கால நீச்சலுடை கம்பளியால் ஆனது. அதன் இழைகள் உதிர்ந்து வடிகட்டியை அடைத்தன, அழுக்கும் கிருமியும் துணியோடு நீரில் இறங்கின, ஆகவே ஆடையை விலக்கினார்கள் என்பார்கள். இந்த விளக்கத்தை 1926-ஆம் ஆண்டு நெறிமுறையே கவிழ்த்துவிடுகிறது. பெண்கள் குளத்துக்கு அது என்ன சொல்கிறது? மிக எளிமையான நீச்சலுடை, ஒவ்வொரு முறையும் வெந்நீராவியில் தூய்மைப்படுத்தப்பட்டது. அப்படியானால் சாயம் போடாத பருத்தி உடையைக் கொடுத்து, வாங்கி, அவித்து மறுபடி கொடுக்கும் ஏற்பாடு சாத்தியமாகவே இருந்தது. குளோரினும் புதிதல்ல, பிரவுன் பல்கலைக்கழகக் குளத்தில் அது 1910-லேயே சேர்க்கப்பட்டது. பெண்களுக்குச் செய்ய முடிந்ததை ஆண்களுக்கும் செய்திருக்கலாம். செய்யவில்லை, ஏனெனில் யாரும் அதற்குத் தேவை இருப்பதாக நினைக்கவில்லை. ஆற்றிலும் குட்டையிலும் பையன்கள் அம்மணமாகக் குதித்த பழக்கத்தைச் சுகாதாரத்தின் பெயரால் ஏட்டில் ஏற்றினார்கள், அவ்வளவுதான்.

இங்கே 1926-ஆம் ஆண்டு விதிக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டிய இன்னொரு வாசகம் இருக்கிறது. கர்ட் பார்தெல் என்ற ஜெர்மானியக் குடியேறி 1929-இல் நியூயார்க்கில் நிர்வாண வாழ்வு இயக்கத்தைத் தொடங்கினார். ஆணும் பெண்ணும் சேர்ந்து உடற்பயிற்சி செய்வது அதன் கொள்கை. 1931-இல் நகரத்தின் உடற்பயிற்சிக் கூடமொன்றில் காவல்துறை புகுந்து அவர்களைப் பிடித்தது. வழக்குகள் நிற்கவில்லை, இருந்த சட்டம் போதாது என்றானது. முன்னாள் ஆளுநர் ஆல் ஸ்மித்தும் கத்தோலிக்க அமைப்பினரும் வற்புறுத்த, 1935-இல் நியூயார்க் மாநிலம் புதுச் சட்டம் இயற்றியது. அது குற்றத்தை வரையறுத்த விதத்தை நிதானமாகக் கவனிக்க வேண்டும். ஒருவர் ஆடை களைவது மட்டும் குற்றமாகாது. எதிர்பாலினத்தவர் இருவரோ அதற்கு மேலோ உடனிருக்க வேண்டும்; அவர்களும் அதேபோல் ஆடையின்றி இருக்க வேண்டும்; இடம் எதுவானாலும் சரி.

புரூக்ளின் ஒய்.எம்.சி.ஏ.வில் ஐம்பது ஆண்கள் நிர்வாணமாக நீந்தினாலும் இந்தச் சட்டம் அவர்களைத் தொடாது. ஓர் ஆணும் இரண்டு பெண்களும் தங்கள் சொந்தத் தோப்பில் ஆடையின்றி உட்கார்ந்தால் தொடும். ஆடையில்லா உடலை அஞ்சிய சமூகம் இப்படிச் சட்டம் எழுதாது. அது அஞ்சியது எதிர்பாலினத்தின் பார்வையை.

இந்த எல்லைக்கோடு பழையது. ஓவியர் தாமஸ் ஈக்கின்ஸ் 1885-இல் ஃபிலடெல்ஃபியா அருகே நீர்நிலையில் ஆடையின்றிக் குளிக்கும் ஆண்களை வரைந்தார். அந்த நீரில் நீந்தும் ஒருவராகத் தன்னையும் அதில் சேர்த்துக்கொண்டார். படத்தை வரையச் சொன்ன புரவலர் அதை ஏற்காமல் வேறொரு படத்தை மாற்றிக்கொண்டாலும், ஈக்கின்ஸின் பதவி போகவில்லை. மறு ஆண்டு, மாணவியர் இருந்த வகுப்பில் ஆண் மாதிரியின் இடைத்துணியை அகற்றினார். பென்சில்வேனியா கலைக்கழகத்திலிருந்து அவர் வெளியேற வேண்டியதாயிற்று. பெண்கள் பார்த்ததுதான் விவகாரம்.

இனி, 1962-இல் பரிந்துரை ஏன் கைவிடப்பட்டது? நைலான் வந்தது, வடிகட்டிகள் மேம்பட்டன என்பார்கள். துணிதான் காரணம் அல்ல என்று மேலே வாதிட்ட நான், துணி மாறியதால் விதி மாறியது என்பதை ஏற்க முடியாது. பள்ளியில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்த 1972-ஆம் ஆண்டுச் சட்டமும் காரணமாகாது, அது பத்தாண்டு பிந்தியது. ஒய்.எம்.சி.ஏ. குளங்களுக்குக் குடும்பங்கள் வரத் தொடங்கியது ஒரு காரணம். ஆனால் ஆண்களுக்கென்றே ஒதுக்கிய நேரங்களிலும் வழக்கம் தேய்ந்ததை அது விளக்காது.

என் கருத்து இது. ஆண்கள் மட்டும் கூடும் இடத்தில் காமப் பார்வை இருக்காது என்ற நம்பிக்கையே அந்த விதியின் அடித்தளம். ஆண்களின் பாலியல் நடத்தை பற்றிய கின்சியின் ஆய்வு 1948-இல் வெளியாகி, ஓரினவிருப்பம் ஊரறிந்த பேச்சானது. 1953-இல் அதிபர் ஐசன்ஹோவரின் ஆணைக்குப் பிறகு அரசுப் பணியிலிருந்து ஓரினவிருப்பினர் களையெடுக்கப்பட்டனர். அந்த நம்பிக்கை அத்தோடு உடைந்தது. 1948-க்கும் 1962-க்கும் இடையே பதினான்கு ஆண்டு இடைவெளி இருக்கிறதே என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. ஒரு நம்பிக்கை உடைவதற்கும் அதன்மேல் நின்ற விதி நூலிலிருந்து நீங்குவதற்கும் காலம் பிடிக்கும் என்பதற்கு மேல் இதற்கு நேரடிச் சான்று காட்ட இயலாது. ஆயினும் மற்ற விளக்கங்கள் விட்ட ஓட்டையை இது அடைக்கிறது என்பதால் இதை வலியுறுத்துகிறேன்.

வழக்கம் முடிந்த ஆண்டு என ஒன்றைக் குறிப்பதும் கடினம். விதி போன பின்னும் சிகாகோ உயர்நிலைப் பள்ளிகளில் பையன்கள் 1970-கள் வரை ஆடையின்றியே நீந்தினார்கள். ஆக 1962-ஐ முடிவாண்டு என்று எழுதுவது தவறு. அதைத் தொடக்கமாகக் கொள்ளலாம்.

அதற்குப் பின், பொதுவிடத்தில் உடலைக் காட்டுவது, ஒருபாலர் மட்டும் கூடும் இடத்தில் உடலை மறைப்பது என்ற இரண்டு போக்குகளும் எதிரெதிர்த் திசையில் தெளிவாகவே தெரிகின்றன. ஆண்களைப் போல மேலாடையின்றி இருந்ததற்காகப் பெண்கள் தண்டிக்கப்பட்ட வழக்கில் நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் 1992-இல் பெண்களின் பக்கம் தீர்ப்பளித்தது. இரண்டே ஆண்டுகள் கழித்து, பென்சில்வேனியாவின் ஹாலிடேஸ்பர்க்கில், உடற்கல்வி வகுப்புக்குப் பின் மாணவர்கள் கட்டாயம் குளிக்க வேண்டும் என்ற விதிக்கு எதிராக வழக்குத் தொடுப்போம் என்று அமெரிக்கக் குடிசார் உரிமைகள் ஒன்றியம் எச்சரித்தது. பள்ளி நிர்வாகம் அந்த விதியைக் கைவிட்டது.