முறை

இலங்கையில் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் விடியுமுன் தண்ணிப் பீலியடியில் கேட்கும் சொல் இது: "இப்ப யாரு முறை?" பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்குப் போகுமுன் தண்ணி பிடித்தாக வேண்டும். தண்ணிக்கு வந்தவள் நகர்ந்தாலும் வரிசையில் நிற்கும் குடம் அவள் இடத்தைக் காக்கும். அதைத் தள்ளிவைத்தால் சண்டைதான்.

ஒழுங்கு என்பதே முறை என்ற சொல்லின் அடிப்பொருள். திருக்குறளில் முறை என்றால் நீதி; அதைக் கேட்பது முறையிடுதல். உறவில் முறைமாமன், விட்டுவிட்டு வரும் சுரம் முறைக்காய்ச்சல், வயலுக்கு முறைநீர்.

ஒரே அலைவரிசையைப் பல கருவிகள் பகிர்வதற்கும் இதைவிட நல்ல சொல் நமக்கு வேண்டியதில்லை. 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகம் தொடங்கிய அலோஹா வலையில் முறை கிடையாது. நினைத்த கருவி பேசலாம். செய்திகள் மோதினால் சற்றுப் பொறுத்து மறுபடி அனுப்ப வேண்டும். அப்படி விட்டால் அலைவரிசையில் அதிகபட்சம் 18 சதவீதமே பயன்படும். நேரத்தைத் துண்டுபோட்டு, துண்டின் தொடக்கத்தில் மட்டுமே பேசலாம் என்று வைத்தால் 37 வரை ஏறும். ஒரு சிறு முறை, இரட்டிப்புப் பலன்.

2014 அக்டோபர் 29 காலை, பதுளைப் பக்கத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் லயன் வீடுகள் மண்ணுக்குள் போயின. இத்தகைய மலைச்சரிவுகளில் முன்னெச்சரிக்கைக்காக நூற்றுக்கணக்கான மழைமானிகளை ஒரே அலைவரிசையில் விட்டால், அடைமழையில் எல்லாம் ஒன்றாகக் கத்தும். அபாய அளவைத் தாண்டிய மானிக்கு அப்போது முதல் முறை கிடைக்க வேண்டும். பீலியடியில் கைப்பிள்ளைக்காரிக்கு வழிவிடுவது போல.