காவிரிக் கரையில் கோபிநத்தம்



பழைய சரித்திரத்தைக் கண்ணால் காணவேண்டும் என்று புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் கோபுரத்தையும் கோட்டையையும் தேடியே செல்கிறார்கள். பிரான்சு நாட்டில் லுவார் என்றோர் ஆறு ஓடுகிறது. அதன் கரையோரமாக நாட்டுப்புறத்தில் நடந்து செல்வோருக்கு அடுத்தடுத்துப் பிரபுக்களின் மாளிகைகளும் பழைய மாதாகோயில்களும் தென்படும். அந்தப் பள்ளத்தாக்கின் ஒரு பகுதியை 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. நம் காவிரிக்கும் அத்தகைய கரைகள் உண்டு. சீரங்கத்தையும் திருவையாற்றையும் அறியாதார் யார்? ஆனால் இன்று நான் உங்களை அழைத்துச் செல்ல விரும்பும் கரை அத்தகையதன்று. அங்கே மாளிகை ஒன்றுமில்லை. காடும் பாறையும் ஓடும் நீரும் சில சிற்றூர்களுமே உண்டு. அவற்றுள் ஒன்று கோபிநத்தம்.

வெளிமாநிலத் தமிழர் என்றவுடன், பிழைப்பை நாடி எல்லை கடந்து சென்றவர் என்றே நாம் பொருள் கொள்கிறோம். உங்களிற் பலர் அவ்வாறு சென்றவர்களே. கோபிநத்தத்து மக்களோ எங்கும் செல்லவில்லை. எல்லைதான் அவர்களைக் கடந்து சென்றது. 1950-ஆம் ஆண்டில் அவ்வூரிற் பிறந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் பிறந்தது சென்னை ராஜ்யத்துக் கோயமுத்தூர் ஜில்லாவில். 1956 நவம்பர் முதல் நாளன்று மொழிவாரி ராஜ்யங்கள் அமைந்தபோது கொள்ளேகால் தாலுக்கா மைசூருடன் இணைக்கப்பட்டது; அவர் மைசூர் ராஜ்யத்துக் குடிமகன் ஆனார். 1973-இல் அந்த ராஜ்யம் கர்நாடகம் என்று பெயர் பெற்றது. 1997-இல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தது. இத்தனை மாற்றங்களுக்கும் அவர் தம் வீட்டுத் திண்ணையை விட்டு இறங்கியிருக்க வேண்டியதில்லை. வீட்டிலே பேசுவது தமிழ். சர்க்கார் காகிதம் வருவது கன்னடத்தில்.

மைசூரிலிருந்து வருகிறவர்கள் கொள்ளேகால், ஹனூர், கௌதள்ளி வழியாக மாதேஸ்வரன் மலையை அடைந்து, அங்கிருந்து கீழிறங்க வேண்டும். இது பழமையான வழி. திப்பு சுல்தான் 1799 மே மாதத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்ததும், கொள்ளேகால் சீமை கும்பெனியார் வசமாகிக் கோயமுத்தூருடன் சேர்ந்தது. அடுத்த ஆண்டில் பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து வைத்தியர், வெல்லெஸ்லி பிரபுவின் ஆணைப்படி, புதிதாகக் கைவந்த நாடுகளைப் பார்வையிடப் புறப்பட்டார். மண்ணின் நிறம், பயிரின் வகை, கூலியின் அளவு, எருதின் விலை என்று எதையும் விடாமல் குறித்துக்கொண்டே சென்ற மனிதர் அவர். அவருடைய பிரயாண நூல் 1807-இல் லண்டனில் மூன்று பாகங்களாக வெளிவந்தது. கொள்ளேகாலிலிருந்து மலைக் காட்டின் ஊடே காவேரிபுரத்துக்கு அவர் இறங்கி வந்ததை அதிலே காணலாம்.

மலையடியில் பாலாறு குறுக்கிடுகிறது. வேலூர்ப் பக்கத்துப் பாலாறு என்று மயங்க வேண்டாம். இது காவிரியிற் கலக்கும் ஒரு காட்டாறு. இரு மாநிலங்களுக்கும் இன்றைய எல்லை இதுவே. ஆற்றைக் கடந்து தெற்கே சென்றால் கோவிந்தப்பாடி, அப்பால் காவேரிபுரம். அங்கே இருந்த கோட்டையைக் கெட்டி முதலி கட்டினார் என்று மக்கள் சொல்லக் கேட்டு எழுதினார் புக்கானன். தாரமங்கலத்துக் கைலாசநாதர் கோயிற் சிற்பங்களைக் கண்டவர்கள் கெட்டி முதலிகளின் பெயரை மறக்கமாட்டார்கள். மைசூர்ப் பீடபூமியிலிருந்து சமவெளிக்கு இறங்கும் கணவாயின் வாயிலில் இருந்தமையால், அக்கோட்டை யார் கையிலிருக்கிறதோ அவர்களுக்கே வழியும் சுங்கமும் உரியனவாயின. ஹைதர் அலியின் காலத்தில் அதன்பொருட்டு மைசூர்ப் படையும் கும்பெனிப் படையும் மோதிக்கொண்டன.

இனி மேட்டூரின் கதை. சென்னைக்கும் மைசூருக்கும் 1924-இல் ஏற்பட்ட காவிரி ஒப்பந்தத்தின் பின்னர், 1925-இல் தொடங்கி 1934-இல் அணை முடிந்தது. கவர்னர் ஸ்டான்லியின் பெயரால் அமைந்த நீர்த்தேக்கம் 120 அடி நிரம்பும்போது, ஆற்றங்கரையில் இருந்த பழைய ஊர்கள் பல அதனடியிற் கிடக்கின்றன. நீர்மட்டம் மிகத் தாழும் ஆண்டுகளில் பண்ணவாடிக்கருகே ஒரு பெரிய நந்தியும், மூழ்கிய மாதாகோயிலின் கோபுரமும் வெளியே தலைகாட்டும். தஞ்சையின் வயல் செழிக்கத் தம் வயலைக் கொடுத்தவர்களின் அடையாளம் அது. அவற்றைப் பார்க்க மக்கள் திரளும் ஆண்டு உழவனுக்குப் பஞ்ச காலம் என்பதையும் மறப்பதற்கில்லை.

மீண்டும் பாலாற்றுக்கே வருவோம். அங்கிருந்து ஒரு பாதை வடக்கே காட்டுக்குள் கோபிநத்தத்துக்குச் செல்கிறது. அவ்வூரின் பெயரைச் செய்தித்தாள் வாசிப்போர் அறிந்தது ஒரே காரணத்தால்தான். 1952-இல் அங்கே பிறந்த வீரப்பன், யானைகளைக் கொன்று தந்தமும், மரங்களை வெட்டிச் சந்தனமும் கடத்தி, பின்னர்ப் பலருடைய உயிரையும் கொண்டு, 2004 அக்டோபரில் தருமபுரி மாவட்டத்தில் அதிரடிப்படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டான். 1993 ஏப்ரலில் பாலாற்றங்கரையில் வெடித்த கண்ணிவெடிக்கு 22 பேர் பலியாயினர். காட்டோர ஊர்களில் வாழ்ந்தவர்கள் இருபுறமும் அஞ்சி வாழ்ந்தார்கள்: ஒருபுறம் கடத்தற்கூட்டம், மறுபுறம் அவனுக்குத் துணை போனாயோ என்று கேட்கும் போலீசு. அதிரடிப்படையினரின் கொடுமைகள் குறித்து வந்த முறையீடுகளை விசாரிக்க, தேசிய மனித உரிமை ஆணையம் 1999-இல் நீதிபதி சதாசிவா தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 2007-இல் இரு மாநிலங்களையும் சேர்ந்த 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு ஆணையம் பணித்தது. அந்த ஆண்டுகளைப் பற்றி இன்றும் அவ்வூர்களில் முதியவர்களிடம் முதல் சந்திப்பிலே கேட்பது பண்பாகாது.

ஆனால் கோபிநத்தத்திற் காணவேண்டிய சரித்திரச் சின்னம் வேறொன்று. அங்கே ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. பழங்காலத்துக் கோயிலன்று, சிற்ப வேலை என்று சொல்லவும் அதிகமில்லை. அதை எழுப்ப முன்னின்றவர் பி. சீனிவாஸ் என்னும் வன அதிகாரி. ஆந்திரத்து ராஜமகேந்திரபுரத்தில் பிறந்து, கர்நாடக வனத்துறையில் பணியாற்றி, தமிழ் பேசும் இவ்வூரிலே அம்மனுக்குக் கோயில் கட்டினார். துப்பாக்கியால் மட்டும் காட்டைக் காக்க இயலாது, ஊரார் மனம் மாறவேண்டும் என்பது அவர் துணிபு. குடிநீருக்கும் மருத்துவத்துக்கும் வீடுகளுக்கும் வழி செய்தார். கடத்தலில் ஈடுபட்ட சிலரை அத்தொழிலை விடச் செய்தார். 1991 நவம்பரில், சரணடைவதாகச் சொல்லி அழைத்த வீரப்பனை நம்பி ஆயுதமின்றிச் சென்ற அவர் வஞ்சகமாகக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டில் அரசாங்கம் கீர்த்தி சக்கர விருது அளித்தது. ஊரார் அளித்தது அவருடைய படத்துக்கு ஒரு மாலையும் வணக்கமும். கொன்றவனும் காத்தவனும் ஒரே ஊரின் நினைவில் ஒருங்கே வாழ்கிறார்கள். பெரிய கோட்டைகளின் கதையிலும் இத்தகைய சிக்கல் இருந்திருக்கும். எழுதி வைப்பாரின்றி அது மறைந்துபோயிற்று.

ஊரைவிட்டு ஆற்றுக்குச் சென்றால் வேறோர் உலகம். இக்காடு 1987-இல் காவிரி வனவிலங்குச் சரணாலயம் ஆயிற்று. இப்போது அதன் பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். மேட்டிலே இலையுதிர்த்த முட்காடு சாம்பல் நிறமாக நிற்கும். கரையிலோ கோடையிலும் பசுமை குன்றாத நீர்மருத மரங்கள் வேர்களைப் பாறையிடுக்கில் செலுத்தி நிற்கும். அம்மரங்களின் உச்சியில் ஒரு பெரிய அணில் வாழ்கிறது. உடம்பெல்லாம் நரைத்தாற்போன்ற மயிர். வாலோ உடலுக்கு நிகரான நீளம். திருவில்லிபுத்தூர் மலைச்சாரலில் இதற்கெனவே 1988-இல் ஒரு சரணாலயம் ஏற்பட்டதைச் சிலர் அறிந்திருக்கலாம். தரையிலிறங்க அஞ்சும் பிராணி இது. கிளையிலிருந்து கிளைக்குத் தாவியே செல்லும். ஆகையால் கரையோரத்து மரங்களை இடையிடையே வெட்டினால், அதற்குப் பாதை அறுந்துபோகிறது.

நீரிலே கூட்டங்கூட்டமாக நீர்நாய்கள் மீன் வேட்டையாடும். பாறைமேல் முதலை வெயில் காயும். குளிக்க இறங்குமுன் ஊராரைக் கேட்டுக்கொள்ளுதல் நலம். முதுகிலே திமில் போன்ற மேடுடைய பெருங்கெண்டை ஒன்று காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. ஐம்பது கிலோவுக்கு மேலும் வளரக்கூடிய அந்த மீன், முற்றும் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பட்டியலில் 2018-இல் சேர்க்கப்பட்டது. ஆற்றுக்கு அணைகள் வந்தன. வேற்று மீன்களும் வந்தன. வெடி வைத்து மீன் பிடிப்போரும் வந்தனர். கெண்டைக்கு இடம் இல்லாமற் போயிற்று.

ஆற்றோடு இன்னும் மேலே சென்றால், ஹொகேனக்கல்லுக்கு எதிர்க்கரையில் ஆலம்பாடி. கொங்கு நாட்டிலும் தருமபுரிச் சீமையிலும் உழவர் பெருமையுடன் சொல்லும் ஆலம்பாடி மாட்டுக்குப் பெயர் கொடுத்த ஊர் இதுதான். காட்டிலே மேய்ந்து வளர்ந்து, கடும் வண்டிப் பாதைக்கும் உழவுக்கும் அஞ்சாத மாடு அது. ஊர் இன்று கர்நாடகத்தில் இருக்கிறது. மாட்டை வளர்ப்போர் ஆற்றின் இருகரையிலும் இருக்கிறார்கள்.

ஹொகேனக்கல் என்பது கன்னடச் சொல். புகையும் கல் என்று பொருள்படும். அருவியின் திவலை புகையாக எழுவதால் வந்த பெயர். அப்பகுதியிலே கார்பனடைட்டு என்னும் அரிய பாறை வகை உண்டு. அதன் வயது ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகள் என்று நிலவியலார் கணக்கிட்டிருக்கிறார்கள். அப்பாறைகளின் நடுவே மூங்கிற் சட்டத்தால் முடைந்த பரிசல்கள் சுழன்று செல்லும். முற்காலத்தில் தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் படுதாவும் தாரும். வெள்ளம் பெருகும் நாட்களில் அதிகாரிகள் பரிசலுக்குத் தடை விதித்துவிடுவார்கள். அப்பொழுது ஆலம்பாடிக் கரையில் நிற்பவர், கண்ணெதிரே தெரியும் அக்கரைக்குச் செல்வதற்குக் கோபிநத்தம், பாலாறு, மேட்டூர், பெண்ணாகரம் என்று நெடுந்தூரம் சுற்றித்தான் வரவேண்டும்.