சிப்பி வளர்ப்பும் கடலோர ஊட்டச்சத்தும்: கேரளக் காயல்களை முன்வைத்து

இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினருக்கும், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67.1 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு (2019–21) பதிவு செய்தது. இரும்புச்சத்துக் குறைவோடு வைட்டமின் பி12 குறைவும் இதற்குக் காரணமாகிறது. இவ்விரண்டும் செறிந்த உணவைத் தீவனச் செலவின்றி விளைவிக்கும் வழி கடலோரக் காயல்களில் உண்டு. ஆனால், அந்த விளைச்சல் ஏழைகளின் ஊட்டமாக மாறுமா என்பது நீரின் தூய்மைக்கு அரசு ஏற்கும் பொறுப்பைச் சார்ந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மட்டி, சிப்பி, கல்லுமக்காய் போன்ற இரட்டை ஓட்டு மெல்லுடலிகள் நீரை வடிகட்டி நுண்பாசிகளை உண்பவை. அமெரிக்க வேளாண்துறையின் உணவுத் தரவுகளின்படி, சமைக்காத நீலக் கல்லுமக்காய்ச் சதை 100 கிராமில் ஏறத்தாழ 12 மைக்ரோகிராம் பி12, 4 மில்லிகிராம் இரும்பு, 12 கிராம் புரதம் உள்ளன. வளர்ந்த ஒருவரின் அன்றாட பி12 தேவை சுமார் இரண்டரை மைக்ரோகிராம். குழம்பில் ஒரு கைப்பிடிச் சதை சேர்ந்தாலே அது நிறைவேறிவிடும். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் டேவிட் வில்லரும் டேவிட் ஆல்ட்ரிட்ஜும் 2020இல் 'நேச்சர் ஃபுட்' இதழில், வெப்பமண்டல நாடுகளின் உணவுப் பாதுகாப்புக்கு இவ்வகை வளர்ப்பு கைகொடுக்கும் என வாதிட்டதன் அடிப்படையும் இதுவே.

வளர்ப்பு முறை எளியது. காசர்கோடு மாவட்டத்துப் படன்னப் பகுதியில், மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் வழிகாட்டலில் 1990களின் பிற்பாதியில் கல்லுமக்காய் வளர்ப்பு வேரூன்றியது. மகளிர் குழுக்கள் முன்னின்றன. மழைக்காலம் ஓய்ந்ததும் பாறைகளிலிருந்து எடுத்த குஞ்சுகளைக் கயிற்றைச் சுற்றிப் பரப்பி, மெல்லிய பருத்தி வலைத்துணியால் தைத்து, காயலில் நட்ட மூங்கில் பந்தலில் தொங்கவிடுவார்கள். துணி மட்கும் முன்பே குஞ்சுகள் தம் நார்களால் கயிற்றைப் பற்றிக்கொள்ளும். அடுத்த பருவமழை நீரின் உப்பைக் குறைக்கும் முன் அறுவடை முடிந்தாக வேண்டும். உண்ணும் பழக்கமும் அங்கு முன்பே இருந்தது: அரிசிமாவும் தேங்காயும் ஓட்டுக்குள் அடைத்து அவித்து, மசாலா தடவிப் பொரிக்கும் அரிக்கடுக்கா மலபார் வீடுகளின் பழைய பண்டம்.

எதிர்வாதம் வலுவானது. நீரை வடிகட்டும் உயிரி, அதிலுள்ள கிருமியையும் பாசி நச்சையும் தன்னுள் சேர்க்கிறது. 1997 செப்டம்பரில் கேரளத்தின் விழிஞத்தில் கல்லுமக்காய் உண்டு ஏழு பேர் இறந்தனர். ஏறத்தாழ 500 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அறுவடை செய்தவற்றைத் தூய நீர்த்தொட்டியில் வைத்திருந்தால் பாக்டீரியா பெருமளவு நீங்கும். தசைகளைச் செயலிழக்கச் செய்யும் பாசி நச்சையோ சமையல் சூடும் அழிக்காது. ஆகவே வளர்ப்பை விரிவாக்குவதற்கு முன் கண்காணிப்பு வேண்டும் என்பது நியாயமே.

ஆயினும் அந்தக் கண்காணிப்பு யாருக்காக? ஐரோப்பிய ஒன்றியம் தான் வாங்கும் சிப்பிகளின் வளர்ப்பு நீர்நிலைகள் வகைப்படுத்தப்பட வேண்டும் என விதிக்கிறது. அஷ்டமுடிக் காயலின் மட்டிக்கு 2014இல் பன்னாட்டு நிலைத்தன்மைச் சான்று கிடைத்தது. அந்தச் சதை ஏற்றுமதியும் ஆகிறது. ஆனால், ஊர்ச் சந்தையில் கால்கிலோ வாங்கும் தாயால் எந்தச் சான்றையும் கேட்க முடியாது. அவருக்காக அரசுதான் கேட்க வேண்டும்.

எனவே, வளர்ப்புப் பருவம் முழுவதும் நீரையும் சதையையும் தொடர்ந்து சோதித்தல், நச்சு கண்டதும் அறுவடையை நிறுத்தி வளர்ப்போருக்கு இழப்பீடு தருதல், கழிவுநீர் காயலில் கலப்பதைத் தடுத்தல் ஆகிய மூன்றும் வளர்ப்புக் கயிறுகளுக்கு மானியம் தருவதற்கு முந்திய செலவாக வேண்டும். இவை அமைந்த பின்பே அங்கன்வாடி உணவில் இச்சதையைச் சேர்ப்பது பொறுப்பான கொள்கையாகும்.