முன்குறித்தலும் ஒரு கிழவரின் தலையும்

தலைப்பைப் பார்த்துவிட்டு "ஐயோ, மதப் பதிவு" என்று ஜன்னலை மூடிவிட வேண்டாம். யாரையும் எந்தப் பக்கமும் இழுக்க வரவில்லை. இது வரலாறு. சிறை, கொலைத்தண்டனை, புத்தகப் பெட்டிக்குள் சுருண்டு படுத்துத் தப்பித்தவர், 'வா, ஒத்தைக்கு ஒத்தை பார்க்கலாம்' என்று சக இறையியலாளரைக் கூப்பிட்ட பேராசிரியர் எல்லாம் உண்டு. நடுவில் கொஞ்சம் இறையியல் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி ரொம்பப் பழசு. எல்லாம் கடவுளின் சித்தப்படி நடக்கிறது என்றால் நான் எடுக்கிற முடிவு என்னுடையதா? கிறிஸ்தவத்தில் இது இன்னும் கூர்மையாக வரும். யார் யார் இரட்சிக்கப்படுவார்கள் என்று உலகத்தை உண்டாக்கும் முன்பே கடவுள் முன்குறித்துவிட்டார் என்றால், விசுவாசிப்பதும் மறுப்பதும் மனுஷன் கையில் இருக்கிறதா, இல்லையா? பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தில் 8, 9-ஆம் அதிகாரங்களைப் புரட்டினால் தகராறின் விதை அங்கே கிடக்கும். 5-ஆம் நூற்றாண்டில் அகஸ்டினும் பெலாஜியுஸும் மோதினார்கள். 1524-25-ல் எராஸ்மஸும் லூதரும் புத்தகம் எழுதி அடித்துக்கொண்டார்கள். அதற்கு அடுத்த ரவுண்டு ஹாலந்தில். நான் சொல்ல வந்தது அதைத்தான். காரணம், இந்த ரவுண்டில்தான் இரண்டு பக்கத்துக்கும் நடுவே இருந்த இடைவெளி மிகச் சின்னது. அதற்குக் கொடுத்த விலையோ ரொம்பப் பெரிசு.

யாக்கோபுஸ் ஆர்மினியுஸ். ஔடவாட்டர் என்ற சின்ன ஊர்க்காரர். அப்பா சின்ன வயசிலேயே போய்விட்டார். 1575-ல் இவர் ஜெர்மனியில் மார்பர்க்கில் படித்துக்கொண்டிருந்தபோது ஸ்பெயின் படை ஔடவாட்டருக்குள் புகுந்து ஊரையே வெட்டிச் சாய்த்தது. அம்மா, கூடப் பிறந்தவர்கள் யாரும் மிஞ்சவில்லை. அதற்கப்புறம் அவர் லெய்டனில் படித்து, ஜெனீவாவுக்குப் போய் கால்வினின் வாரிசான பீசாவிடம் பாடம் கேட்டு, 1588-ல் ஆம்ஸ்டர்டாமில் போதகர் ஆனார். 1602-ல் பிளேக் வந்தபோது ஓடி ஒளியாமல் நோயாளிகளின் வீடுகளுக்குப் போய் வந்தவர். சாகக் கிடக்கிறவர் பக்கத்தில் உட்காரும் போதகருக்கு 'நான் அந்தப் பட்டியலில் இருக்கிறேனா, ஐயா?' என்ற கேள்வி வகுப்பறைக் கேள்வியாக இருந்திருக்காது. (முன்குறித்தலை எதிர்த்த கூர்ன்ஹெர்ட் என்பவரை மறுத்து எழுதச் சொன்னார்கள், மறுக்கப் போனவர் மனம் மாறிவிட்டார் என்று ஒரு கதை உண்டு. நல்ல கதைதான். பிற்கால ஆய்வாளர்கள் அதை அவ்வளவாக நம்புவதில்லை.)

அதே பிளேக் லெய்டன் பல்கலையின் இறையியல் பேராசிரியர்களில் இரண்டு பேரைக் கொண்டு போனது. காலியான இடத்துக்கு 1603-ல் ஆர்மினியுஸ் வந்தார். அங்கே ஏற்கெனவே இருந்தவர் பிரான்சிஸ்குஸ் கோமாருஸ். இவரும் ஸ்பெயினால் அடிபட்டவர்தான். புரூஜ் நகரத்துக் குடும்பம், புது மதத்தைத் தழுவியதால் ஊரை விட்டு ஜெர்மனிக்குப் போனவர்கள். ஒரே எதிரி கொடுத்த ஒரே மாதிரிக் காயம். அதிலிருந்து இரண்டு பேருக்கும் கிடைத்த பதில் மட்டும் வேறு வேறு.

கோமாருஸின் பக்கத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நம்ம காலத்தில் அந்தப் பக்கத்தை அரக்கனாக்கிவிடுவது சுலபம். வீடு வாசல் இழந்து ஓடிய அகதிக்கு முன்குறித்தல் பயமுறுத்துகிற விஷயம் இல்லை, ஆறுதல். என் இரட்சிப்பு என் பிடியில் இருந்தால் இன்றைக்கோ நாளைக்கோ கை நழுவிவிடும். கடவுளின் பிடியில் இருந்தால் எந்த ராஜாவின் படையும் பிடுங்க முடியாது. அவ்வளவுதான் கணக்கு.

ஆனால் கோமாருஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். கடவுளின் தீர்மானங்களின் வரிசையில் முதலில் வருவது எது? முதலில் 'இவர்களைக் காப்பேன், இவர்களைக் கைவிடுவேன்' என்று தீர்மானித்தார், அது நிறைவேறத்தான் படைப்பும் ஆதாமின் பாவமும் என்பது அவர் கட்சி. நம்ம பாஷையில், தோற்கப் போகிற டெஸ்ட் கேஸை முதலில் எழுதிவிட்டு, அது தோற்கும்படி ப்ரோக்ராம் எழுதுவது. அப்படியானால் பாவத்துக்குக் காரணகர்த்தா யார் என்று ஆர்மினியுஸ் கேட்டார். நானே வேண்டுமென்று போட்ட பக்குக்கு ப்ரோக்ராமைக் குற்றம் சொன்னால் எந்த டீம் லீடும் ஒத்துக்கொள்ள மாட்டார். :-)

இங்கேதான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஆர்மினியுஸ் என்றால் 'மனுஷன் சொந்த முயற்சியில் கடவுளிடம் வரலாம்' என்று சொன்னவர் என்று நினைப்பு. இல்லவே இல்லை. விழுந்துபோன மனுஷனால் கிருபை இல்லாமல் நன்மையான ஒன்றையும் நினைக்கக்கூட முடியாது என்றுதான் அவரும் சொன்னார். தொடங்குவதும் கிருபை, முடிப்பதும் கிருபை. ஒரே ஒரு இடத்தில்தான் வித்தியாசம்: அந்தக் கிருபையை மனுஷன் தள்ளிவிட முடியுமா? முடியும் என்றார் இவர். தெரிந்துகொள்ளப்பட்டவன் கடைசிவரை தள்ள முடியாது என்றார் அவர். கடவுள் முன்னறிவதால் ஒன்று நடப்பதில்லை, அது நடக்கப்போவதால் அவர் முன்னறிகிறார் என்பது ஆர்மினியுஸின் வாதம். லாக் ஃபைலில் பதிவாகி இருப்பதால் சர்வர் விழுவதில்லையே. என் ஓட்டு இவருக்குத்தான், மறைக்கவில்லை.

1608-ல் தி ஹேக் நகரில் இரண்டு பேரையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். இது அடிப்படை விசுவாசத்தைத் தொடுகிற விஷயம் இல்லை, ஒருவரையொருவர் பொறுத்துப் போகலாம் என்பது விசாரித்தவர்களின் எண்ணம். கோமாருஸ் விடவில்லை. ஆர்மினியுஸின் கருத்தை வைத்துக்கொண்டு கடவுளின் நியாயாசனத்துக்கு முன் நிற்க எனக்குத் தைரியம் இல்லை என்றார். அதாவது, இது நரகம் வரை போகிற விஷயம். அடுத்த வருஷம், 1609 அக்டோபர் 19-ஆம் தேதி, ஆர்மினியுஸ் நோயில் இறந்துபோனார். செத்தவரோடு சண்டையும் போயிருக்க வேண்டும். போகவில்லை.

1610-ல் நாற்பத்துச் சொச்சம் போதகர்கள் ஐந்து அம்சங்களில் ஒரு விண்ணப்பம் எழுதி ஹாலந்து மாகாண சபையிடம் கொடுத்தார்கள். 1611-ல் மறுதரப்பு எதிர் விண்ணப்பம் கொடுத்தது. இங்கே அரசியல் உள்ளே வருகிறது. ஹாலந்தின் நிர்வாகத் தலைவர் யோஹான் ஃபான் ஓல்டன்பார்னவெல்ட். டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியை 1602-ல் உருவாக்கியதில் முக்கியக் கை. 1609-ல் ஸ்பெயினோடு பன்னிரண்டு வருஷப் போர்நிறுத்தம் செய்ததும் இவர்தான். தளபதி மொரிட்ஸ் இளவரசருக்கு அந்தப் போர்நிறுத்தம் பிடிக்கவில்லை. தெற்கிலிருந்து ஓடிவந்த அகதிகளுக்கும் பிடிக்கவில்லை. ஓல்டன்பார்னவெல்ட் ஆர்மினியுஸ் கட்சிக்குப் பாதுகாப்பு, ஆகவே மொரிட்ஸ் எதிர்க்கட்சிக்குப் பாதுகாப்பு. அவ்வளவு சிம்பிள். முன்குறித்தல் பச்சையா நீலமா என்றே எனக்குத் தெரியாது என்று மொரிட்ஸ் சொன்னதாக ஒரு கதை உண்டு.

ஓல்டன்பார்னவெல்ட் தரப்பும் பால்வடியும் முகம் இல்லை. பொறுத்துப் போங்கள் என்று சட்டம் போட்டுவிட்டு, பொறுக்காத போதகர்களை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அவர்களைப் பின்பற்றிய ஜனங்கள் ஞாயிற்றுக்கிழமை சேற்றில் நடந்து பக்கத்து ஊர் ஆராதனைக்குப் போனார்கள். 'சேற்றுப் பிச்சைக்காரர்கள்' என்று அவர்களுக்குப் பெயரே விழுந்தது. 1617 ஆகஸ்டில் நகரங்கள் தங்களுக்கென்று கூலிப்படை வைத்துக்கொள்ளலாம் என்று ஹாலந்து தீர்மானம் போட்டது. தளபதி சும்மா இருப்பாரா? 1618 ஜூலையில் உட்ரெக்ட் நகரில் அந்தப் படையைக் கலைத்தார். ஆகஸ்ட் 29-ஆம் தேதி ஓல்டன்பார்னவெல்ட், சட்ட மேதை ஹியூகோ குரோஷியஸ் எல்லாரும் கைது.

இவர்கள் உள்ளே இருக்கும்போதுதான், 1618 நவம்பர் 13-ஆம் தேதி, டோர்ட்ரெக்ட் நகரில் அந்தப் புகழ்பெற்ற சங்கம் கூடியது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, சுவிஸ் நகரங்கள், ஜெர்மன் பகுதிகள் என்று வெளிநாட்டுப் பிரதிநிதிகள் வந்தார்கள். பிரான்ஸ் ராஜா தன் நாட்டுப் போதகர்களை விடவில்லை, அவர்கள் நாற்காலி காலியாகவே கிடந்தது. ஆர்மினியுஸ் கட்சிக்காரர்கள் பிரதிநிதிகளாக அல்ல, குற்றம் சாட்டப்பட்டவர்களாக அழைக்கப்பட்டார்கள். அவர்களுக்குத் தலைமை சைமன் எபிஸ்கோபியுஸ். எந்த வரிசையில் வாதாடுவது என்பதிலேயே வாரக்கணக்கில் இழுபறி. 1619 ஜனவரி 14-ஆம் தேதி, சங்கத் தலைவர் போகர்மன் பொறுமை இழந்து சத்தம் போட்டு அவர்களை வெளியே அனுப்பினார். அதற்கப்புறம் அவர்கள் எழுதி வைத்ததை வைத்தே விசாரணை நடந்தது.

உள்ளே இருந்தவர்களாவது ஒத்துப்போனார்களா என்றால், அதுவும் இல்லை. பிரேமன் நகரத்துப் பிரதிநிதி மார்ட்டினியுஸ் கொஞ்சம் மென்மையாகப் பேசப்போக, கோமாருஸ் கையுறையை வீசிச் சண்டைக்குக் கூப்பிட்டதாக அங்கே இருந்தவர்கள் எழுதிய கடிதங்களில் இருக்கிறது. ஜெபம் செய்து முடித்த பிறகும் திரும்பக் கூப்பிட்டாராம்! வேடிக்கை பார்க்க வந்திருந்த ஆங்கிலேயர் ஜான் ஹேல்ஸ், அங்கேதான் கால்வினுக்கு குட்நைட் சொன்னதாகப் பின்னாளில் சொன்னார் என்று அவர் நண்பர் எழுதினார்.

சங்கத்தின் முடிவு ஐந்து தலைப்புகளில் வந்தது. இன்றைக்கு 'டூலிப்' என்று சுருக்கிச் சொல்கிறார்களே, அந்த ஐந்து. (டூலிப் சுருக்கம் 20-ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சரக்கு. டச்சு மொழியில் அந்தப் பூவின் பெயரிலேயே நாலு எழுத்துதான்!) கோமாருஸின் தீவிர வரிசையைச் சங்கம் எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லணும். விழுந்துபோன மனிதர்களிலிருந்து கடவுள் சிலரைத் தெரிந்துகொண்டார் என்றுதான் எழுதினார்கள்.

நான் அதிக நேரம் நின்ற இடம், முதல் தலைப்பின் 17-ஆம் பிரிவு. பக்தியுள்ள பெற்றோர், சிசுவாக இறந்துபோன தங்கள் பிள்ளைகள் தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் என்பதில் சந்தேகப்பட வேண்டாம் என்கிறது அது. விசுவாசிக்கவோ மறுக்கவோ வயசே வராத குழந்தை எந்தப் பட்டியலில்? கைக்குழந்தையைப் புதைக்காத வீடு அரிதாக இருந்த காலம் அது. அத்தனை தர்க்கத்துக்கும் நடுவில் யாரோ ஒரு தாயின் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று அந்தக் கடுமையான மனிதர்களுக்கும் தோன்றியிருக்கிறது. ஆர்மினியுஸ் பிளேக் வீடுகளில் கேட்டிருக்கக்கூடிய அதே கேள்வியின் இன்னொரு உருவம்.

1619 மே 6-ஆம் தேதி டோர்ட்ரெக்ட் பெரிய கோயிலில் முடிவுகளை ஊரறிய வாசித்தார்கள். சரியாக ஒரு வாரம் கழித்து, மே 13-ஆம் தேதி, தி ஹேக் அரண்மனை முற்றத்தில் ஓல்டன்பார்னவெல்ட்டின் தலையை வெட்டினார்கள். வயது 71. தேசத்துக்கு விரோதமாக நடந்தார் என்பதுதான் தீர்ப்பு. ஆனால் முந்தின ராத்திரி சிறைக்கு வந்த போதகர்கள் அவரிடம் முன்குறித்தலைப் பற்றியும் பேசினார்கள். அந்தக் குடும்பத்தின் குறிக்கோள் வாசகத்தின் பொருள் என்ன தெரியுமா? ஒன்றும் அறியாமல் இருப்பதே மிகப் பாதுகாப்பான விசுவாசம் என்பது.

கூடக் கைதான லேடன்பெர்க் சிறையிலேயே தற்கொலை செய்துகொண்டிருந்தார். விடுவார்களா? தீர்ப்பு வந்ததும் பிணத்தைச் சவப்பெட்டியோடு தூக்குமரத்தில் தொங்கவிட்டார்கள். சுமார் 200 போதகர்களுக்கு வேலை போயிற்று. கையெழுத்துப் போட மறுத்தவர்களை நாடு கடத்தினார்கள்.

குரோஷியஸுக்கு ஆயுள் தண்டனை, லூவஸ்டைன் கோட்டையில். படிக்கப் புத்தகம் பெட்டி பெட்டியாக உள்ளே வரும், வெளியே போகும். காவலர்கள் ஆரம்பத்தில் திறந்து பார்த்தார்கள், அப்புறம் சலித்து விட்டுவிட்டார்கள். கவனித்தவர் மனைவி மரியா. 1621 மார்ச் 22-ஆம் தேதி கணவரைப் பெட்டிக்குள் படுக்க வைத்துப் பூட்டி அனுப்பிவிட்டார். தூக்கிய சிப்பாய்கள் 'என்ன கனம், உள்ளே ஆர்மினியுஸ் ஆளா இருக்கான்?' என்று ஜோக் அடித்தார்களாம். பெட்டியோடு போன வேலைக்காரப் பெண் எல்ஸ்யே அசராமல் சமாளித்தாள். பெட்டி கோரிஞ்சம் நகரம் போய்ச் சேர, கொத்தனார் வேஷத்தில் மனுஷன் ஆண்ட்வெர்ப் வழியாகப் பாரிஸ் போய்விட்டார். சர்வதேசச் சட்டத்துக்கு அஸ்திவாரமான புத்தகம் 1625-ல் அங்கேதான் வந்தது.

அதே 1625-ல் மொரிட்ஸ் இறந்தார். அடுத்து வந்த தம்பி பிரடெரிக் ஹென்ட்ரிக் கண்டுகொள்ளவில்லை. ஓடியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். 1634-ல் ஆம்ஸ்டர்டாமில் அவர்களுக்கென்று இறையியல் பள்ளியே வந்தது, எபிஸ்கோபியுஸ் அங்கே பேராசிரியர். இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி 1778-ல் தன் பத்திரிகைக்கு ஆர்மினியுஸ் பெயரையே வைத்தார்.

நம்ம பக்கத்துக்கும் இது கப்பல் ஏறி வந்தது. ஓல்டன்பார்னவெல்ட் உருவாக்கிய அதே கம்பெனியின் கப்பல்களில், அவரைத் தோற்கடித்தவர்களின் சங்கத் தீர்மானத்துக்குக் கையெழுத்துப் போட்ட போதகர்கள் வந்தார்கள். 1658-ல் யாழ்ப்பாணம் டச்சுக்காரர் கைக்குப் போனதும் பால்தேயுஸ் அங்கே போதகர். கோட்டைக்குள் 1706-ல் அவர்கள் கட்டிய கோயில் நம் காலத்துப் போரில் இடிந்துபோனது. 1814-ல் அதே யாழ்ப்பாணத்துக்கு வெஸ்லியின் ஆட்கள், அதாவது எதிர்க்கட்சி, வந்து சேர்ந்தார்கள். அவர்கள் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராக இருந்து, பாதிரியார் பெர்சிவலுக்குப் பைபிளைத் தமிழாக்க உதவியவர் ஆறுமுக நாவலர். ரோமர் 9-ஆம் அதிகாரத்துக் குயவனும் களிமண்ணும் அவர் மேஜையைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். அந்த இடத்தில் அவர் என்ன நினைத்தார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப ஆசை.